கரையடியில் கலங்கல் ஊற்று: மணல் வடிகட்டி தாங்குமா?

நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர்ச் சிறுகுளத்தின் மண்கரை கசிகிறது. கரை 9 அடி உயரம், மேலே 6 அடி அகலம். வெறும் செம்மண், நடுவில் களிமண் சுவர் கிடையாது. 2023 டிசம்பர் மழையில் உடைந்த 20 அடியை நாங்களே மண் கொட்டி அடைத்தோம். பழைய கரையைப் படிப்படியாக வெட்டிச் சேர்க்காமல் அப்படியே கொட்டினோம். பழைய மண்ணும் புது மண்ணும் சேரும் அந்த இடத்தில்தான் கோளாறு.

இந்தக் கார்த்திகையில் தண்ணீர் 5 அடியைத் தாண்டியதும் வெளிச்சரிவின் அடியில் ஊற்றுப்போல் கிளம்பியது. மூன்று நாள் தெளிந்த நீர். நேற்றிலிருந்து கலங்கல், கையில் அள்ளினால் மண் தங்குகிறது. கரை உள்ளே அரிபடுகிறதோ என்றுதான் பயம்.

ஊற்றின் வாயைக் களிமண்ணால் அடைத்தோம். மறுநாள் இரண்டு முழம் தள்ளிப் பீறிட்டது. (அடைத்ததே தவறு என்று இப்போது புரிகிறது.) உள்பக்கம் மணல் மூட்டை அடுக்கியும் குறையவில்லை. மறுகாலில் (மிகைநீர் வழிந்து வெளியேறும் இடம்) அடைப்பு இல்லை. மடையைத் திறந்து ஓரடி இறக்கியிருக்கிறோம். இன்னும் இறக்கினால் பிசானப் பருவத்து நெல் தண்ணீரின்றிப் போய்விடும்.

ஊற்றின்மேல் மணல், சரளை, கல் என்று அடுக்கி வடிகட்டி போட்டால் இந்த மழைக்காலத்தைத் தாண்டுமா, அல்லது நெல்லை மறந்து குளத்தையே வடித்துவிட வேண்டுமா?