மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன்: சர்ஜனிடம் முன்கூட்டியே என்ன பேசிக்கொள்வது?

கேள்வி:
அப்பாவுக்கு 64 வயது. மலக்குடலில் கட்டி, ஆசனவாய் விளிம்பிலிருந்து 5 செ.மீ. மேலே. ரேடியேஷன், கீமோ முடிந்தன, அடுத்து ஆபரேஷன். "நிரந்தரமா பை வேண்டாம் டாக்டர்" என்பது ஒன்றுதான் அப்பா கேட்பது (வயிற்றில் வழி வைத்து, மலம் சேர ஒட்டும் பை). சர்ஜனோ பதில் சொல்லாமல், என்ன வேலை, எத்தனை மணி நேரம் வெளியில் இருக்கிறார், இப்போது மலத்தை அடக்க முடிகிறதா என்றே விசாரித்தார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். இந்த விசாரணையெல்லாம் எதற்கு? நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பதில் 1:
அவர் விசாரித்ததில்தான் பாதி முடிவு இருக்கிறது. இவ்வளவு கீழே உள்ள கட்டியை எடுத்துவிட்டுக் குடலை மறுபடி இணைக்க முடிந்தாலும், மலத்தைத் தேக்கி வைக்கும் இடம் போய்விடுகிறது. பிறகு ஒரு நாளைக்குப் பல தடவை, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று நான்கு முறை அடுத்தடுத்துப் போக வேண்டி வரலாம். வாயுவா மலமா என்று தெரியாது. ரேடியேஷன் வாங்கியவர்களுக்கு இது இன்னும் கூடுதல். முதல் ஓராண்டில் ஓரளவு குறையும். எல்லோருக்கும் முழுதாகச் சரியாகாது. இப்போதே அடக்க முடியாமல் கசிகிறதென்றால் இணைப்பு பெரிய அவஸ்தை, நிரந்தரப் பையே நிம்மதி. கழிப்பறை பக்கத்தில் இல்லாத வேலை என்றாலும் யோசிக்க வேண்டியதுதான்.

இணைத்தாலும் பெரும்பாலும் தற்காலிகப் பை உண்டு. இணைப்பு கசிந்தால் பாதிப்பு கடுமையாகாமல் இருக்க அது. மூடுவது பொதுவாக 2, 3 மாதம் கழித்து. கீமோ பாக்கியிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். சிலருக்கு மூடவே முடிவதில்லை. இதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீர், ஆண்மை சம்பந்தப்பட்ட நரம்புகள் மலக்குடலை ஒட்டியே ஓடுகின்றன. பிள்ளைகள் எதிரில் அப்பா அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே நில்லுங்கள்.

இன்னொன்று: ரேடியேஷனுக்குப் பிறகு எம்ஆர்ஐயும் ஸ்கோப்பும் (கேமரா குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) மறுபடி எடுத்தார்களா? கட்டி முழுக்கக் கரைந்திருந்தால் வெட்டாமல் கண்காணிக்கும் வழியும் உண்டு. பிரேசில் சர்ஜன் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமாவின் குழு 2004இல் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் 2 ஆண்டுக்குள், கட்டி மறுபடி முளைக்கும். ஆகவே சில மாதத்துக்கு ஒரு முறை விரல் பரிசோதனை, ஸ்கோப், எம்ஆர்ஐ எதையும் தவறவிடக் கூடாது. செக்கப்புக்கு ஒழுங்காக வராதவருக்கு இது சரிப்படாது.

பதில் 2:
பை வைக்கும் இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே, விழித்திருக்கும்போது குறிக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து மட்டும் குறித்தால் போதாது. உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்க்க வேண்டும். படுத்தால் தட்டையாக இருக்கும் வயிறு உட்கார்ந்ததும் மடிகிறது. மடிப்புக்குள் ஸ்டோமா (குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைத்த வாய்) போனால், பையைத் தோலோடு பிடிக்கும் தட்டு ஒட்டாது, கசியும். தற்காலிகப் பையில் சேர்வது பெரும்பாலும் சிறுகுடல் கழிவு, அதில் செரிமான நொதிகள் இருப்பதால் தோல் சில மணி நேரத்திலேயே வெந்துவிடும். தொப்புள், பழைய தழும்பு, வேட்டியோ பேன்ட்டோ கட்டும் கோடு, எல்லாம் தள்ளி இருக்க வேண்டும். அப்பா தன் கண்ணால் பார்க்கக்கூடிய இடமாகவும் இருக்கட்டும், தொப்பை உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

தட்டின் ஓட்டையை ஸ்டோமாவை விட 2, 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டுங்கள். முதல் 6 முதல் 8 வாரம் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருப்பதுதான் தோல் புண்ணுக்கு வழக்கமான காரணம். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிடுங்கள்.

கழிவை அளவு ஜாடியில் ஊற்றிக் குறித்து வையுங்கள். நாளுக்கு 1.5 லிட்டர் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும், உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் கெடும். தாகம் என்று வெறும் தண்ணீராகக் குடித்தால் உப்பு வெளியேறி நிலைமை மோசமாகும். ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரை கலந்த கரைசல்) தான் சரி.

பதில் 3:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் சர்ஜன் பொறுமையாகப் பேசுகிறார் என்பதற்காக மட்டும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை மலக்குடல் ஆபரேஷன் செய்கிறார், ரேடியேஷன், கீமோ டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் கேஸைப் பேசினார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார். ஆபரேஷனில் எடுத்த பகுதியின் பயாப்ஸி ரிப்போர்ட் வரும்போது, வெட்டிய பக்க விளிம்புக்கும் கட்டிக்கும் 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கிறதா, நிணநீர் முடிச்சுகள் குறைந்தது 12 பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ரேடியேஷன் வாங்கியவருக்கு முடிச்சு எண்ணிக்கை குறையலாம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ராத்திரி கூப்பிட ஒரு நம்பர் எழுதி வாங்குங்கள். இணைப்புக் கசிவு வீட்டுக்கு வந்த பிறகும் தெரியவரலாம்: காய்ச்சல், வயிறு உப்பல், படபடப்பு.