வீட்டு ஒலிப்பதிவு: பழைய இன்டர்ஃபேஸ் இருக்கும்போது ஸ்கார்லெட் 2ஐ2 வாங்கியது வீண் செலவா?

செந்தூல்வாசி:
அப்பா பாடும் தேவாரப் பதிகங்களை எங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே பதிவு செய்து வருகிறேன். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான பழைய ஆடியோ இன்டர்ஃபேஸை ஓரங்கட்டிவிட்டு, 2023இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-ஐ வாங்கி இரண்டு வாரங்கள் ஆகின்றன. மைக் அதே ஷுர் எஸ்எம்7பி. அறையும் அதே அறைதான். பழைய பெட்டியில் மைக்கின் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழைக் கடைசிவரை திருப்பினாலும் அப்பாவின் குரல் திரையில் நூலிழையாகத்தான் தெரியும்; அதை மென்பொருளில் உயர்த்தினால் ‘உஸ்’ என்ற இரைச்சலும் கூடவே எழுந்து வரும். புதியதில் 69 டெசிபல் வரை கெயின் இருக்கிறது. ஆட்டோ கெயின் பொத்தானை அழுத்திப் பத்து வினாடிகள் பாடச் சொன்னேன். அளவு தானாகவே அமைந்துவிட்டது. இரைச்சல் போனதோடு, கமகங்களின் நெளிவும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது. கையில் பணம் இருப்பவர்கள் தயங்காமல் மாற்றலாம் என்பதே என் கருத்து.

ஆயர் ஈத்தாம் ஒலிப்பெட்டி:
இரைச்சல் குறைந்ததை ஏற்கிறேன், ஐயா. கமகம் தெளிந்தது என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. இரண்டு பதிவுகளில் ஒன்று மற்றதைவிட ஒரே ஒரு டெசிபல் உரக்க ஒலித்தாலும், நம் காது அதைச் ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று சொல்லாமல் ‘தெளிவு கூடியிருக்கிறது’ என்று சொல்லிவிடும். கடைகளில் விலை உயர்ந்த ஒலிபெருக்கி எப்போதும் வெல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், 16 பிட் பதிவுக்கே கோட்பாட்டளவில், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் வீச்சு உண்டு; 24 பிட்டுக்கு 144. மின்விசிறி சுழன்றுகொண்டு, மாலை மழை சன்னலில் அறையும் நம் வீட்டு அறைகளில் அதில் பாதியைக்கூட நம்மால் பயன்படுத்த முடிவதில்லை. அதே பணத்தில் கனமான திரைச்சீலையும் பஞ்சுப் பலகைகளும் வாங்கியிருந்தால் வேறுபாட்டைப் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லியிருப்பார்.

செந்தூல்வாசி:
பதிவின்போது நாங்கள் மின்விசிறியை நிறுத்திவிடுவோம். அப்பா கழுத்தைத் துண்டால் துடைத்தபடியே பாடுவார். சென்ற ஆண்டுப் பதிவு ஒன்றில் அந்தத் துண்டின் சரசரப்புகூட விழுந்திருக்கிறது. எனவே அறையை மட்டும் குறை சொல்ல வேண்டாம். எஸ்எம்7பி, 94 டெசிபல் ஒலி தன்மேல் விழும்போதுகூட ஏறத்தாழ 1.1 மில்லிவோல்ட் மட்டுமே தரும் மைக். குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று அதைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள். என் பழைய பெட்டியால் அந்த அளவுக்கு ஏற முடியவில்லை.

பட்டர்வொர்த் தாளக்காரன்:
இருவரும் குரலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மிருதங்கம் வாசிப்பவன். பதிவான பாட்டை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசிக்கும்போது என் அடி எனக்கே தாமதமாகக் கேட்டால், மற்றவை எல்லாம் பிறகுதான். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் எடுக்கும்போது, கணினி ஒருமுறைக்குச் சேர்த்துவைக்கும் அளவான பஃபரை 256 மாதிரிகள் என்று வைத்தால் ஒரு வழிக்கே 5.3 மில்லிவினாடிகள் ஆகும். மேடையில் பாடகருக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் அமர்ந்திருப்பது போன்ற தாமதம் அது. போய்த் திரும்பும் நேரத்தைச் சேர்த்தால் நான் மேடையைவிட்டே இறங்கிவிடுவேன். மைக்கின் ஒலியைக் கணினிக்குப் போய்வராமல் நேரே ஹெட்போனுக்குத் தரும் டைரக்ட் மானிட்டர் வசதி இருந்தால் மலிவான பெட்டியும் எனக்குப் போதும்.

ஆயர் ஈத்தாம் ஒலிப்பெட்டி:
எஸ்எம்7பி பற்றிச் சொன்னது சரி. மைக்கின் பெயரைக் கவனிக்காமல் முதல் பதிலை எழுதியது என் தவறு. ஆனால் அப்படியென்றால், உங்களுக்கு உதவியது புதுமை அல்ல, கெயின் மட்டுமே. பெட்டி மைக் கம்பி வழியாகவே தரும் 48 வோல்ட் மின்சாரத்தில், அதாவது ஃபாண்டம் பவரில், இயங்கும் கண்டென்சர் மைக் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் அவ்வளவு கெயின் தேவைப்படுவதே இல்லை; அவரையும் சேர்த்து ‘தயங்காமல் மாற்றலாம்’ என்று அழைப்பது முறையா? ஒரு சோதனை செய்து பாருங்கள். இரு பெட்டிகளின் பதிவுகளையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து, எது எது என்று தெரியாமல் கேளுங்கள்.

செந்தூல்வாசி:
நேற்றிரவு செய்து பார்த்தோம். கோப்புகளைத் தங்கை மாற்றி மாற்றி ஒலிக்கவிட, நான் திரைக்கு முதுகைக் காட்டி அமர்ந்தேன். அப்பா பாடும் பகுதிகளை மட்டும் கேட்டபோது 10 முறையில் 6 முறைதான் சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கும். அடிகளுக்கு இடையே அவர் மூச்சு வாங்கும் இடங்களைக் கேட்டபோது 10க்கு 10. அந்த மௌனத்தில் பழைய பெட்டி சீறுவதை யாரும் மறைக்க முடியாது. கமகத்தைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பெட்டியைத் திரும்பக் கொடுப்பதாக இல்லை. இரண்டையும் கேட்ட அப்பாவோ, இரண்டிலும் தன் குரல் இல்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

ஆயர் ஈத்தாம் ஒலிப்பெட்டி:
துண்டின் சரசரப்பு விழுந்தது சென்ற ஆண்டுப் பதிவில் என்றீர்கள். அப்படியானால் அதைப் பிடித்தது அந்தப் பழைய பெட்டிதான். விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள், ஐயா. என் அக்கா மகனிடம் கண்டென்சர் மைக் இருக்கிறது.