சாண்டிங் கூடத்தில் படியும் மரத்தூள்: எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமா?

கேள்வி:
மரச்சாமான் தொழிற்கூடம் ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். சாண்டிங் கூடத்தில் (மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் இடம்) இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன்களைத் தவிர வேறு காற்றோட்ட வசதி கிடையாது. தரையை ஷிப்ட் முடியும்போதெல்லாம் பெருக்கிவிடுகிறோம். ஆனால் சென்ற வாரம் குழல்விளக்கு மாற்ற ஏணியில் ஏறியபோது, கேபிள் டிரேயின் மேல் விரல் நகம் புதையும் அளவுக்கு மாவுபோன்ற தூள் படிந்திருந்தது. கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளிவிடலாம் என்கிறார் மேற்பார்வையாளர். நிர்வாகமோ இன்னும் இரண்டு ஃபேன் போட்டால் போதும் என்கிறது. எதைச் செய்வது?

மறுமொழி 1:
இரண்டையும் செய்யாதீர்கள். படிந்து கிடக்கும் தூளில் தீப்பிடித்தால் அது கனன்று எரியும். அதே தூள் மேகமாக எழும்பி, அடைபட்ட இடத்தில் ஒரு பொறியைச் சந்தித்தால் வெடிக்கும். கம்ப்ரஸர் காற்று அந்த மேகத்தைத்தான் உருவாக்குகிறது. சுவர் ஃபேனோ, தூள் கூடமெங்கும் பரவிய பிறகே அதில் ஒரு பகுதியை இழுக்கிறது. வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் அதுவும் நடக்காது. இயந்திரத்தின் வாயிலேயே உறிஞ்சுகுழல் வைத்து, டக்ட் (காற்றுக்குழாய்) வழியாகக் கட்டடத்துக்கு வெளியே உள்ள டஸ்ட் கலெக்டருக்கு (காற்றிலிருந்து தூளைப் பிரித்துச் சேர்க்கும் கருவி) கொண்டுபோவதுதான் தீர்வு. டக்டில் காற்றின் வேகம் குறைந்தால் தூள் உள்ளேயே தங்கிவிடும். நொடிக்குச் சுமார் 20 மீட்டராவது இருக்கட்டும்.

மறுமொழி 2:
உயரத்தில் படிந்த தூளை நீங்கள் கவனித்தது நல்லது, ஏனெனில் பேரழிவு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது: முதல் வெடிப்பு சிறியதாக இருந்தாலும், அதன் அதிர்வில் உத்தரங்களிலிருந்து உதிரும் தூள் அடுத்தடுத்த வெடிப்புகளுக்கு இரையாகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில் 2008 பிப்ரவரி 7 அன்று 14 பேரின் உயிரைப் பறித்த விபத்தும் இப்படித்தான் பரவியது. சர்க்கரையில் அழுக்குச் சேராதிருக்க, அதற்கு முந்தைய ஆண்டு ஒரு கன்வேயர் பெல்ட்டை எஃகுத் தகடுகளால் மூடியிருந்தார்கள். உள்ளே சேரும் தூளை வெளியேற்றக் காற்றோட்டம் வைக்கவில்லை. வெடிப்பு தொடங்கியது அந்தக் கூண்டுக்குள்தான். ஆகவே தூள் பறக்கிறது என்பதற்காக இயந்திரத்தை வெறுமனே மூடிவிடவும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. டஸ்ட் கலெக்டர் வாங்க ஒப்புதல் கிடைக்கும்வரை மேலே உள்ள தூளை எப்படி எடுப்பது? எங்களிடம் சாதாரண வாக்குவம் கிளீனர் இருக்கிறது.

மறுமொழி 1:
அதைப் பயன்படுத்த வேண்டாம். அதன் மோட்டாரில் எழும் பொறியே போதும். எரியக்கூடிய தூளுக்கென்று சான்று பெற்ற வாக்குவத்தை வாடகைக்காவது எடுங்கள். குழாய் முதல் உடற்பகுதிவரை எர்த்திங் இருக்கிறதா என்று சோதியுங்கள். இயந்திரங்களை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, சூடான பகுதிகள் ஆறிய பிறகு மேலிருந்து கீழாக எடுத்து வாருங்கள். வாக்குவம் எட்டாத மூலைகளை ஈரத்துணியால் துடைக்கலாம். இது மரத்தூள் என்பதால் சொல்கிறேன். அலுமினியத் தூளாக இருந்தால் ஈரம் பட்டு ஹைட்ரஜன் வாயு உண்டாகும், அதற்கு முறையே வேறு.