சிக்னலில் நின்று புறப்பட்டால் நீலப் புகை: டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் உள்ள 1.3 லிட்டர் டர்போ டீசல் கார் இதுவரை 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக, சுங்கச்சாவடியிலோ சிக்னலிலோ எஞ்சினை அணைக்காமல் நாலைந்து நிமிடம் நின்றுவிட்டுப் புறப்பட்டால், பின்னால் வருகிறவருக்குச் சாலையே தெரியாத அளவுக்கு நீலப் புகை கிளம்புகிறது. சற்றுத் தூரம் போனதும் அடங்கிவிடுகிறது. தொப்பூர் கணவாயில் இறங்கி முடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தபோதும் அப்படித்தான் வந்தது. இழுவையில் குறை இல்லை, கூலன்ட் அளவும் மாறவில்லை. ஆனால் 1,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் எஞ்சின் ஆயில் குறைகிறது. ஒர்க்‌ஷாப்பில் புகையைப் பார்த்ததுமே டர்போ போய்விட்டது என்றும், புதிது போட 38,000 ரூபாய் ஆகும் என்றும் சொல்லிவிட்டார்கள். அதை உறுதிசெய்துகொள்ள வழி உண்டா? இதற்குச் சில நாள் முன்பு டர்போவுக்கு அடியில் ஆயில் கசிந்ததை வேறொரு மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்திருந்தேன்.

முதல் பதில்

புகை கறுப்பாக இருந்தால் அடைத்த ஏர் ஃபில்டர், கிழிந்த பூஸ்ட் ஹோஸ், திறந்தபடி சிக்கிக்கொண்ட ஈ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடுவது) ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அது டர்போ வழியாகவே வரலாம். அதனால் டர்போ கெட்டுவிட்டது என்று ஆகிவிடாது.

டர்போவில் ஒரு தண்டின் ஒரு முனையில் எஞ்சின் புகை சுழற்றும் டர்பைனும், மறுமுனையில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரும் இருக்கும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுழல்கிறது. அதன் இரு முனைகளிலும் ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங்கைப் போன்ற மெல்லிய வளையங்களே உள்ளன. ஆயில் உள்ளே வருவது அழுத்தத்தோடு. வெளியேறுவதோ தன் எடையால் மட்டும், ரிட்டர்ன் பைப் வழியாக, எஞ்சினுக்கு அடியில் ஆயில் சேரும் தொட்டியான சம்ப்புக்குள் விழுவதுதான். அந்தப் பாதை அடைபட்டாலோ, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் ப்ரீதர் அடைத்துச் சம்ப்புக்குள் காற்றழுத்தம் ஏறினாலோ, ஆயில் டர்போவுக்குள் தேங்கி வளையங்களைத் தாண்டிவிடும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, டர்பைன் பக்கம் அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்தப் பக்கமாகக் கசிந்து சைலன்சரில் சேர்ந்து, நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எரிகிறது. நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, டர்போவுக்குக் காற்று வரும் ஹோஸைக் கழற்றி, தண்டின் முனையை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தட்டுப்பட்டாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ தேய்ந்துவிட்டது. இரண்டும் இல்லையென்றால், ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து ஆவி பலமாக வீசுகிறதா என்று பாருங்கள். வீசினால் ப்ரீதரையும் பிஸ்டன் ரிங்குகளையும் சோதிக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பு கசிவைச் சரிசெய்த இடம் அதுதானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இரண்டாம் பதில்

மேலே சொன்னது சரி. ஆனால் சோதித்து முடிக்கும் வரை நீண்ட பயணம் போகாதீர்கள். கம்ப்ரஸர் பக்கமும் கசிந்து, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் ஆயில் தேங்கினால், எஞ்சின் அதையே எரிபொருளாக இழுத்துக்கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டு எஞ்சினை அணைத்துவிட வேண்டும். காற்று வரும் வாயைக் கையால் அடைக்க ஒருபோதும் முயல வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தண்டில் முன்பின் ஆட்டம் இல்லை, ஆவியும் வீசவில்லை. ரிட்டர்ன் பைப்பைக் கழற்றியபோது காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது: கேஸ்கெட்டுக்கு மேல் கசிவு நிற்கட்டும் என்று அள்ளித் தடவிய சாம்பல் நிறப் பேஸ்ட், போல்ட்டை இறுக்கியபோது உள்ளே பிதுங்கி, வேப்பம்பழம் அளவுக்குத் திரண்டு துளையில் முக்கால் பங்கை அடைத்திருந்தது. அதன் விளிம்பு பிய்ந்தும் இருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, பேஸ்ட் இல்லாமல் புது உலோகக் கேஸ்கெட் மட்டும் போட்டோம். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தபோது அரை டம்ளர் ஆயில் வந்தது. சைலன்சரில் மிச்சமிருந்தது எரிய இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாளிலிருந்து புகை இல்லை. 700 கிலோமீட்டர் ஓடிய பிறகும் டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கவில்லை.

முதல் பதில் எழுதியவர்

மிகவும் மகிழ்ச்சி. ஆனால் விளிம்பு பிய்ந்திருந்தது என்கிறீர்களே, அந்தத் துண்டு சம்ப்புக்குள்தான் விழுந்திருக்கும். ஆயில் பம்ப்பின் சல்லடையில் அது ஒட்டிக்கொண்டால் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் ஆயில் குறைந்துவிடும். அடுத்த சர்வீஸ் வரை காத்திராமல் இந்த வாரமே சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைப் பார்த்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். சம்ப்பைத் திரும்பப் பொருத்தும்போது பேஸ்டை மெல்லிய கோடாக மட்டும் இடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.