தீவனம் போட்ட பிறகு உங்கள் மீன் எப்படி இருந்தது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

உவர்நீர்க் குளத்தில் கொடுவா வளர்க்கிறேன். முதல் வருஷம் சாயங்காலம் 6 மணிக்குத்தான் வயிறு நிறையப் போடுவேன். ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பக்கத்துக் குளத்தில் மறுநாள் வலை போடுவதற்காகத் தீவனத்தை நிறுத்தியிருந்தேன். அங்கே ஒரு சலனம் இல்லை. இரண்டிலும் ஒரே வயதுக் குஞ்சு, ஒரே ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி).

தின்ற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இரையைச் செரிக்கவும், அதிலுள்ள புரதத்தைத் தன் சதையாகக் கட்டவும் ஆக்சிஜன் செலவாவதால், மீன் இழுக்கிற மொத்த ஆக்சிஜன், சும்மா இருக்கும்போது இழுப்பதைப் போல இரண்டு மடங்கைக்கூடத் தொடும். அதுவும் தின்ற உடனே இல்லை, சில மணி நேரம் கழித்து. நான் 6 மணிக்குப் போட்டதன் சுமை, பாசியும் ஆக்சிஜனை இழுக்கிற ராத்திரி நேரத்தில் வந்து விழுந்தது. இப்போது கடைசித் தீவனம் மதியம் 2 மணிக்கே முடிந்துவிடும்.

— — —

எனக்கு இது அமோனியாவில் தெரிந்தது அண்ணா. தொட்டியில் தினமும் காலையில் தீவனத்துக்கு முன்னால்தான் டெஸ்ட் கிட் வைத்துப் பார்ப்பேன், எப்போதும் சரியாக இருக்கும். ஆனாலும் மீன் சோர்ந்தே கிடந்தது. ஒருநாள் தின்று நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். நிறம் கரும்பச்சை, அதாவது அமோனியா ரொம்ப அதிகம்!

கொடுவாவுக்குப் புரதம்தான் சதை, புரதம்தான் விறகு. எரிக்கிற புரதத்தின் நைட்ரஜனை நம்மைப் போல யூரியாவாக்கிச் சிறுநீரில் விடாமல், பெரும்பகுதியை அமோனியாவாகவே செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடும். 100 கிராம் புரதத்தில் சுமார் 16 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏறிய மதிய வேளையில் அதே அமோனியா இன்னும் நஞ்சு. அதனால் 2 மணிக்குப் போடுகிறவர்கள் பிஎச்சையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

— — —

நான் செய்த தப்பையும் எழுதிவிடுகிறேன். ரோகுவுக்குத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் போட்டு வளர்த்த பழக்கத்தில், செலவைக் குறைக்கலாமென்று கொடுவாத் தீவனத்திலும் மரவள்ளி மாவைக் கூட்டினேன். மீன் வளரவில்லை. அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளுத்து உப்பியிருந்தது. கொடுவா மாதிரி ஊன் தின்னும் மீனுக்கு மாவுச்சத்தை அவ்வளவாக எரிக்க வராது. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை பல மணி நேரம் இறங்காது, மிச்சம் ஈரலில் போய்ச் சேரும். மாவைக் குறைத்து மீன் எண்ணெயைக் கூட்டிய பிறகுதான் தேறியது. கொழுப்பு எரிந்தால் புரதம் சதைக்கு மிஞ்சும்.