வெயிலில் சாயம் வெளுக்கும் ப்ராஜெக்ட்: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். வேலூரில் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படிக்கிறேன். ஒளி பட்டால் வேலை செய்யும் வினையூக்கியான டைட்டானியம் டை ஆக்சைடு தூள் கலந்து, வெயிலில் வைத்து மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் சிதைப்பதுதான் ப்ராஜெக்ட். நம்ம ஊர் வெயில் இதற்காவது உதவட்டுமே என்று எடுத்தேன்.

வாலைவடிநீரில் கரைத்த சாயம் இரண்டு மணி நேரத்தில் வெளுத்துவிடுகிறது. ஆனால் ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷெட்டிலிருந்து கேனில் பிடித்து வந்த கழிவுநீரில் அதே சாயத்தைக் கலந்தால், சாயங்காலம் வரை அசையவே மாட்டேன் என்கிறது. கழிவுநீர் உப்பிலுள்ள குளோரைடு, சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தின்றுவிடுகிறதோ என்று சந்தேகம், கலங்கலும் ஒளியை மறைக்கும். நான் போடும் அனடேஸ் (டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வகை) தூளுக்கு 387 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா ஒளி வேண்டும், வெயிலில் அது சுமார் 5 சதவீதம்தான்.

அப்புறம் இன்னொரு குழப்பம்: தூளே போடாத பாட்டிலும் லேசாக வெளுத்தது! சாயமே ஒளியை உறிஞ்சிச் சிதைகிறது போல. அதனால் நிறமில்லாத ஃபீனாலுக்கு மாறலாமா? குரோமியம் இருக்கும் நீரை இப்படி ஆக்சிஜனேற்றம் செய்தால் நச்சான ஆறிணைதிற குரோமியம், அதாவது குரோமியம்(VI), உண்டாகுமோ என்றும் பயம். தோல் கழிவுநீரில் கைவைத்தவர்கள் யாராவது இருந்தால், முதலில் எவ்வளவு மடங்கு நீர்க்கச் செய்தீர்கள் என்று மட்டுமாவது சொல்லுங்கள். அடுத்த வாரம் கைடுக்கு ரிசல்ட் காட்ட வேண்டும்.