தோசை மென்றபோது உடைந்த தாடை

அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, 33 நாள் கரண்ட் வைத்து (கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) 4 வருஷம் ஆகியிருந்தது. கடைவாய்ப் பல் ஆடுகிறதென்று பக்கத்துக் கிளினிக்கில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். கரண்ட் வைத்ததை அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அந்தக் குழி ஆறவே இல்லை. 3 மாதம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறு விலகி, பழுப்பு மஞ்சளாக எலும்பு வெளியே தெரிந்தது. அப்புறம் ஒரு காலை, தோசை மென்றுகொண்டிருந்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். உள்ளே 'படக்'கென்று கேட்டதாம். மேல் வரிசைப் பல்லும் கீழ் வரிசைப் பல்லும் பொருந்தவில்லை.

முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் கீழ்த்தாடை இரண்டாக இருந்தது. கதிர்வீச்சு பட்ட எலும்பில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மெல்ல மெல்ல அடைத்துப்போகும், அதனால் சின்னக் காயம்கூட ஆறாது என்று டாக்டர் விளக்கினார். அடிபட்டு உடைந்த தாடைக்குத் தகடும் ஸ்குரூவும் போட்டால் கூடிவிடும். செத்த எலும்பில் ஸ்குரூ நிற்காது. அதனால் கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, காலிலிருந்து ஃபிபுலா எலும்பை (முழங்காலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய எலும்பு) தோலோடும் ரத்தக் குழாயோடும் எடுத்து, தாடை வளைவுக்கு நறுக்கிப் பொருத்தி, கழுத்து ரத்தக் குழாயில் இணைத்தார்கள். முதல் ராத்திரி, வாய்க்குள் தைத்த அந்தத் தோலை ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். சிவப்பாகச் சொட்டு வந்தால் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு சொட்டுக்கும்தான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது குழைந்த சாதம் சாப்பிடுகிறார். கால் கொஞ்சம் இழுக்கிறது.

———

இதைப் படித்த ஒருவர் எழுதியது: அக்கா, என் அம்மாவுக்குக் கரண்ட் இல்லை, எலும்பு ஊசி. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் மாதாமாதம் சோலெட்ரானிக் ஆசிட் என்ற, எலும்பு அரிப்பைத் தடுக்கும் ஊசி போட்டார்கள். அதற்கும் தாடை இப்படிக் கெடுமாம். 8 வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தது. டாக்டர் அவசரப்பட்டு வெட்டவில்லை. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் கொப்பளிக்கச் சொல்லி, ஆன்டிபயாடிக் கொடுத்தார். 5ஆம் மாதம் அரிசி அளவுத் துண்டு ஒன்று தானே கழன்று வந்தது, ஈறு மூடிக்கொண்டது. ஊசி தொடங்கும் முன்னால் பல்லைக் காட்டிவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

———

10 வருஷம் முன்னால் கரண்ட் வைத்தவருக்கு இப்போது பல் எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வருஷம் போனாலும் அந்த ஆபத்து போகாது என்றுதான் அப்பாவின் டாக்டர் சொன்னார். முடிந்தவரை வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றப் பார்ப்பார்களாம். போகும்போது பழைய கதிர்வீச்சு சம்மரியைக் கையோடு கொண்டு போங்கள். எந்தப் பக்கம், எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு) என்று அதில் இருக்கும்.